பிள்ளைகளின் தலையை அளந்துவிட்டு மாஸ்க் வாங்குங்கள்

மாவட்டத்தில் வாள்வீச்சுப் பயிற்சிக்கு உபகரணம் வாங்கும் பொறுப்பில் இருக்கும் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

வணக்கம். இதற்கு முன் மூன்று மனு கொடுத்திருக்கிறேன். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, பதில்தான் வரவில்லை. அதனால் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். யாரையும் அவமானப்படுத்த வேண்டும் என்பதல்ல என் எண்ணம்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் எட்டாவது படிக்கிறாள், மூன்று வருடமாக வாள்வீச்சில் சேபர் என்ற வாள் பிரிவில் ஆடுகிறாள். வாள்வீச்சில் முகத்தைக் காக்க மாட்டுகிற கம்பி வலை மாஸ்க் பன்னிரண்டு ஜூன் மாதம் வந்து இறங்கியதே, அதைப் பற்றி உங்களுக்கே தெரியும். பன்னிரண்டும் ஒரே சைஸ், எல். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். அதில் பதினாறு பேருக்கு வயது பதினான்குக்குக் கீழே.

மாஸ்க் பெரிதாக இருக்கிறதே என்று பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் உங்களிடம் கேட்டபோது, "வளர்ற பிள்ளைங்கதானே, கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்" என்று பதில் வந்ததாம். இந்த வார்த்தையை நான் என் கடையில் தினமும் கேட்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் யூனிஃபார்ம் தைக்க வருகிற தாய்மார் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நானும் பாவாடைக்கு இரண்டு டக்கு பிடித்து, ஓரத்தில் தாராளமாகத் துணி விட்டுத் தைத்துக் கொடுப்பேன். அடுத்த வருடம் டக்கைப் பிரித்துவிட்டால் போதும். துணிக்கு அது சரி. இரும்புக் கம்பி வலைக்கு டக்கு பிடிக்க முடியாது, ஐயா. வாள் முனை பிள்ளையின் முகத்துக்கு வருவது அடுத்த வருடம் அல்ல, இன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு.

பெரிய மாஸ்க்கைப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நீங்கள் ஒருநாள் பயிற்சிக்கு வந்து பார்த்தாலே போதும். தாடை, உள்ளே இருக்கிற மெத்தையில் உட்காராது. பிள்ளை ஒரு அடி பாய்ந்து வைத்தால் மாஸ்க் மேலே ஏறும், கூடவே கழுத்தை மூடுகிற துணியும் தூக்கிக்கொள்ளும். பின்னந்தலையில் நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்கிறதே, அதை எவ்வளவு வளைத்தாலும் பிடிப்பு கிடைக்காது. அதனால் பிள்ளைகள் கைத்துண்டை நாலாக மடித்துத் தலைக்குப் பின்னால் திணித்துக்கொண்டு ஆடுகிறார்கள். போன மாதம் அந்தத் துண்டு நழுவியது. 'பாயில்' (foil) என்ற வாள் பிரிவில் ஆடுகிற பையன், பதினோரு வயது. மாஸ்க் ஏறிய இடைவெளியில் எதிராளியின் முனை காலருக்கு மேலே போய்க் கழுத்தில் குத்தியது. தொண்டைக்குழியிலிருந்து இரண்டு விரல் பக்கத்தில், கொட்டைப்பாக்கு அளவுக்குக் கன்றிச் சிவந்துபோன அந்த இடத்தை நான் பார்த்தேன். அவனுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவள் நான்தான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை, அனுப்ப மாட்டாங்க" என்றான். அவன் அம்மாவிடம் நான் சொன்னேன். இப்போது அவன் வருவதில்லை.

தயவுசெய்து பிள்ளைகளின் தலையை அளந்துவிட்டு வாங்குங்கள். இந்த மடலில் நான் கேட்பது இது ஒன்றுதான். இருந்தாலும் ஏன் கேட்கிறேன் என்பதை முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மாஸ்டர் பெற்றோர்களை முதன்முதலில் உட்காரவைத்துப் பேசியபோது ஒரு விஷயம் சொன்னார். விளாதிமிர் ஸ்மிர்னோவ் என்று சோவியத் நாட்டு வீரர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் பாயில் தனிநபர் பிரிவில் தங்கம் வாங்கியவர். 1982இல் ரோம் நகரில் உலக சாம்பியன்ஷிப் ஆடும்போது எதிராளியின் வாள் உடைந்தது. உடைந்த முனை மாஸ்க்கின் கம்பி வலையைத் துளைத்து, கண் வழியாக மூளைக்குள் போய்விட்டது. சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் மாஸ்க், ஜாக்கெட், வாள் எல்லாவற்றுக்கும் உலக அளவில் விதிகளை இறுக்கினார்கள். "ஒலிம்பிக் சாம்பியனின் மாஸ்க்கையே வாள் துளைத்தது, அதனால் மாஸ்க் விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன்" என்றார் மாஸ்டர். இன்றைக்கு அவர் பேச்சை நீங்கள் கேட்காமல் இருக்கிறீர்கள்.

அடுத்தது வகை. வாள்வீச்சில் பாயில், எப்பே, சேபர் என்று மூன்று ஆயுதம் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே மாஸ்க் என்று கொட்டேஷன் கேட்டிருக்கிறீர்கள். சேபரில் இடுப்புக்கு மேலே, மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கையைத் தவிர, தலை உட்பட எங்கே பட்டாலும் புள்ளி. வாள் பட்டதை மின்சாரம் வழியாகத்தான் கருவி காட்டும், அதனால் சேபர் மாஸ்க் முழுவதிலும் மின்சாரம் ஓட வேண்டும். முதலைக் கிளிப் மாட்டிய ஒயர் ஒன்று மாஸ்க்கையும், லாமே என்கிற மின்சாரம் ஓடும் மேல் ஜாக்கெட்டையும் இணைக்கும். கிளிப்பிலிருந்து மாஸ்க்கின் எந்த இடத்தைத் தொட்டாலும் மின்தடை 5 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பாயிலில் கழுத்துத் துணியின் கீழ்ப்பாகத்தில் மட்டும் மின்சாரம் ஓடினால் போதும். எப்பேயில் உடம்பு முழுக்கவே இலக்கு, மாஸ்க்கில் மின்சாரம் ஓட வேண்டியதில்லை. வலைக்கு உள்ளேயும் வெளியேயும் கறுப்புப் பூச்சு அடித்திருப்பார்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்த பன்னிரண்டும் எப்பே மாஸ்க். எங்கள் பிள்ளைகளில் எப்பே ஆடுகிறவர்கள் மூன்று பேர்.

இதனால் என் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்டில் வெளிமாவட்டத்தில் ஒரு போட்டி. காலையில் உபகரணச் சோதனை. புது மாஸ்க்கைப் பார்த்ததுமே, சேபருக்கு இது ஆகாது என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். பழைய மாஸ்க் இரண்டு கையோடு கொண்டுபோயிருந்தோம், நான்கைந்து வருடம் உழைத்தவை. சோதனை மேசையில் இருந்தவர் கூம்பு மாதிரி முனை உள்ள ஒரு கருவியை வலையில் வைத்து அழுத்தினார். 12 கிலோ விசை. நெற்றிக்கு நேராக, துரு ஏறியிருந்த இடத்தில், கம்பி இரண்டும் சத்தமே இல்லாமல் விலகி வழிவிட்டது. நான் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். ஒரு பென்சில் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டுதான் என் பெண் முந்தின நாள் வரைக்கும் ஆடினாள். இன்னொன்றும் தேறவில்லை.

சோதனை செய்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அப்புறம் நாள் முழுக்க இரவல். வேறு மாவட்டத்துப் பெண் ஒருத்தி, நல்ல பிள்ளை, தன் ஆட்டம் முடிந்ததும் மாஸ்க்கைக் கழற்றி இவளிடம் கொடுப்பாள். உள்ளே அந்தப் பெண்ணின் வியர்வை ஈரம் காயாமல் இருக்கும். இவள் அதைத் துடைக்கக்கூட நேரம் இல்லாமல் மாட்டிக்கொண்டு ஓடுவாள். சில சமயம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தளத்தில் ஒரே நேரத்தில் அழைப்பு வந்துவிடும். அப்போது இவள் மண்டபத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடி, "அக்கா, ஒரு மேட்சுக்கு மட்டும்" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பாள். பெயரை மூன்று முறை கூப்பிட்டு வரவில்லை என்றால் ஆட்டம் போய்விடும் என்ற பயம் வேறு. எட்டு பேருக்குள் வருவதற்கான ஆட்டத்தில் எதிரே நின்றது யார் தெரியுமா? காலையிலிருந்து மாஸ்க் கொடுத்த அதே பெண். அந்த மாஸ்க் அவள் தலையில் இருந்தது. என் மகள் கடைசியில் ஒரு அண்ணனின் மாஸ்க்கை வாங்கி, உள்ளே என் சேலை முந்தானையிலிருந்து கிழித்த துணியைத் திணித்துக்கொண்டு இறங்கினாள். வலை ஒரு பக்கமாகத் திரும்பித் திரும்பி அவள் கண்ணை மறைத்தது. ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் இடது கையால் அதை நேராக்கிக்கொண்டே ஆடினாள். தோற்றுவிட்டாள். ஆட்டம் முடிந்து மாஸ்க்கைக் கழற்றி, கை கொடுத்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஊத்தங்கரை தாண்டுகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை.

தோற்றது வருத்தம் இல்லை. விளையாட்டில் தோற்பார்கள். எதிராளியைப் பார்க்க முடியாமல் தோற்றாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

யாராவது ஒரு பிள்ளை பதக்கத்தோடு திரும்பினால் சால்வை போர்த்தவும் போட்டோ எடுக்கவும் எல்லோரும் வருகிறீர்கள். சென்னைப் பெண் பவானி தேவி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே சேபரோடு இறங்கினார். ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியாவிலிருந்து போன முதல் ஆள் அவர்தான். முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்தார். அன்றைக்கு எங்கள் பிள்ளைகளும் அவர் மாதிரி வர வேண்டும் என்று மேடையில் பேசினீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் என் மகள் இந்த ஆட்டத்துக்கே வந்தாள். சென்னையில் கிடைப்பது கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் எட்டுவதற்குள் ஏன் இப்படித் தேய்ந்துபோகிறது? நம் இரண்டு மாவட்டத்திலும் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் எத்தனை நடுகல் நிற்கிறது! வீரன் ஒரு கையில் வாள் வைத்திருப்பான், பல கற்களில் மறு கையில் கேடயமும் இருக்கும். கல் செதுக்கியவர்கூடக் கேடயத்தை மறக்கவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைகளின் கேடயத்தை நாம் மறக்கலாமா?

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததற்கே வருகிறேன்.

விலை உயர்ந்ததையே எல்லோருக்கும் வாங்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சர்வதேசப் போட்டிக்கான மாஸ்க்கில் கழுத்துத் துணி 1600 நியூட்டன் தாங்க வேண்டும், அதன் விலை என் ஒரு மாத வருமானத்தைத் தாண்டும். ஆரம்பநிலைப் பிள்ளைகளுக்கு 350 நியூட்டன் போதும் என்று மாஸ்டரே சொல்கிறார். ஏறக்குறைய 35 கிலோ பளுவுக்குச் சமமான விசை அது. ஆனால் அந்த 350 உண்மையான 350ஆக இருக்க வேண்டும். மாஸ்க்கில் தர முத்திரை இருக்க வேண்டும். இப்போது வந்திருப்பதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முத்திரைச் சீட்டே இல்லை. கழுத்துத் துணியைக் கம்பிச் சட்டத்தோடு சேர்க்கிற இடத்தில் ஒற்றைத் தையல்தான் போட்டிருக்கிறார்கள், அதுவும் நீளத் தையல். இரண்டு விரலால் இழுத்தேன், மூன்று தையல் விட்டுவிட்டது. இருபது வருடமாக மிஷின் மிதிக்கிறவள் நான். தலையணை உறைக்குக்கூட அப்படித் தைக்க மாட்டேன்.

மாஸ்க் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டமான வேலை இல்லை. தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை வழியாக இஞ்ச் டேப்பைச் சுற்றி அளந்தால் சைஸ் தெரிந்துவிடும். போட்டுப் பார்த்துவிட்டுக் குனியச் சொல்லுங்கள், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டச் சொல்லுங்கள். மாஸ்க் தலையோடு சேர்ந்து வர வேண்டும், தனியாக ஆடக்கூடாது. நெற்றிப்பொட்டுப் பக்கம் அழுத்தினால் மாஸ்க் சிறிது. கழுத்துத் துணி காறை எலும்பை மூடவில்லை என்றாலும் அது ஆகாது. பின்னந்தலைப் பட்டை பிடித்து நிற்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். டெண்டர் தாளில் ஒரு வரிக்குப் பதிலாக நான்கு வரி எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வைக்கிற இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். மழைக்கு ஒழுகுகிற ஸ்டோர் ரூமில் கோணியில் கட்டிப் போட்டால் எந்தக் கம்பியும் துருப்பிடிக்கும். வியர்வையில் உப்பு இருக்கிறது. சுவரில் பத்து ஆணி அடித்துக் கொடுத்தால் பிள்ளைகளே துடைத்துக் காற்றாட மாட்டிவிடுவார்கள். ஆணி அடிக்க அனுமதி கேட்ட கடிதமும் உங்களிடம்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நானே போய் அளந்தேன். இருபத்திரண்டு பிள்ளைகளில் அன்றைக்கு வந்திருந்தவர்கள் பத்தொன்பது பேர். ஒவ்வொருவர் பெயருக்கும் நேராகத் தலை அளவு, ஆடுகிற ஆயுதம், என்ன சைஸ் என்று எழுதி மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எல் சைஸ் தேவைப்படுகிறவர்கள் இரண்டே பேர். அந்தத் தாளை இந்த மடலின் பிரதியோடு உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். வந்த மாஸ்க்குகளைத் திருப்பி அனுப்பி மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால் அடுத்த கொள்முதலிலாவது, ஆர்டர் போடுவதற்கு முன்னால் மாஸ்டரைக் கூப்பிட்டு இந்தத் தாளைப் பார்த்து, பிள்ளைகளின் தலை அளவுக்கும் ஆயுதத்துக்கும் ஏற்றபடி வாங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வராத மூன்று பேரில் ஒருவன், கழுத்தில் அடிபட்ட அந்தப் பையன். அவன் அளவுக்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். சரியான மாஸ்க் வந்தால் அவனை அனுப்புவதாக அவன் அம்மா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
சேபர் ஆடும் ஒரு மாணவியின் தாய்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி