பாப்பா, அம்மாவுக்கு ஒரு போன் செய்

மஞ்சக்குப்பம், கடலூர்.

பாப்பா,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா போன் செய்தால் டூட்டி என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். நர்ஸ் வேலை அப்படி. முன்பைவிட இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரி ஆபீஸ் ஆட்கள் ஆளுக்கொரு நாள் வார்டில் நர்ஸ் கூடவே இருந்து பார்க்க வேண்டுமாம். இருபத்தாறு வருஷமாக மாடியில் இண்டென்ட், அதாவது வார்டுக்குச் சாமான் கேட்டு எழுதும் சீட்டு, பார்த்தவன், போன செவ்வாய் காலை ஏழு மணிக்கு ஆண்கள் வார்டில் நின்றேன். அந்த சிஸ்டருக்கு உன் வயசுதான் இருக்கும். நைட் டூட்டிப் பெண்ணிடம் கட்டில் கட்டிலாக நின்று கேட்டுக்கொண்டாள்: யாருக்கு சுகர் எவ்வளவு, யாருக்கு மூத்திரம் எத்தனை மில்லி. அப்புறம் உட்காரவே இல்லை. 500 மில்லி ட்ரிப் நாலு மணி நேரத்தில் இறங்கணும், மில்லிக்கு 20 சொட்டு, நிமிஷத்துக்கு எத்தனை என்று என்னைக் கேட்டாள். நான் பேப்பர் தேடுவதற்குள் 42 என்று சொல்லி, வாட்சைப் பார்த்தபடியே திருகி வைத்துவிட்டாள். என் கணக்கு மூளையைப் பற்றி உன்னிடம் எவ்வளவு பீற்றியிருப்பேன்!

நினைவில்லாத ஒரு பெரியவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நானும் ஒரு கை பிடித்தேன். இன்னும் தைலம்தான் தேய்க்கிறேன். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே சாப்பிடாதே.

கிளவுஸ் பெட்டியில் ரெண்டு ஜோடிதான் இருந்தது. "மேலே ஆபீஸில் பாதியாக்கிட்டாங்க சார்" என்றாள். பாதியாக்கியவன் நான். வாயைத் திறக்கவில்லை.

அதேபோல இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணமானதும் வேலையை விட்டுவிடுவாள் என்று உன்னைப் பெண் கேட்ட பண்ருட்டிக்காரர்களிடம் சொன்னது அம்மா இல்லை, நான். "பொண்ணு நர்ஸா?" என்று அவர்கள் இழுத்த இழுப்பில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தானே புயலில் ஓடு விழுந்து தாத்தா நெற்றி பிளந்தபோது, நான் நடுங்கிக்கொண்டு நிற்க, தாவணியைக் கிழித்துக் கட்டியவள் நீ. உன்னை வைத்துக்கொண்டு எனக்கு வெட்கம்! நீ அம்மாவிடம் பேச்சைக் குறைத்ததும் எனக்குத் தெரியும். வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன்.

கிளவுஸ் இண்டென்டைப் பழைய கணக்குப்படி நேற்று எழுதி அனுப்பினேன். இன்னும் கையெழுத்தாகி வரவில்லை.

அம்மாவோடு பேசு. என்னோடு மெதுவாகப் பேசலாம். சாப்பிட்டுவிட்டு டூட்டிக்குப் போ.

அப்பா