லாண்டோவ்ஸ்காவை ஒதுக்கிவைக்காதீர்கள்

மேல்நாட்டு இசைக்கல்லூரிகளில் ஹார்ப்சிகார்ட் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தந்தியை மீட்டி ஒலிக்கும் பழைய விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகார்டை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் மேடையேற்றிய கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா. அவர் பெயரைச் சொன்னதும் உங்களில் பலர் அவர் வாசித்த, பிளேயெல் நிறுவனம் செய்த கருவியைத்தான் குறை சொல்கிறீர்கள். நியாயம்தான். அவருக்காகவே உருவாகி 1912இல் வெளிவந்த மாடல் அது: ஒரு ஸ்தாயி கீழே முழங்கும் தனித் தந்தி வரிசை, காலால் இயக்க ஏழு பெடல்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பாஹ் பார்த்திருந்தால் அடையாளமே தெரிந்திருக்காது.

ஆனால் அதைச் சாக்காக வைத்து, 1949 முதல் 1954 வரை ஆர்சிஏ விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த, பாஹின் இரு தொகுதி ‘வெல்-டெம்பர்டு கிளேவியர்’ முழுவதையும் மாணவர்கள் காதில் படாமல் செய்வது என்ன நியாயம்? தொடங்கும்போது அவருக்குக் கிட்டத்தட்ட எழுபது வயது. பாரிஸுக்கு அருகே செயின்ட்-லூவில் அவர் கட்டி எழுப்பிய பள்ளியை 1940இல் விட்டு ஓடினார். நூலகத்தையும் கருவிகளையும் நாஜிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அதன்பின் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து லேக்வில்லில் குடியேறி, பிற்காலப் பதிவுகளைப் பெரும்பாலும் வீட்டிலேயே செய்தார்.

முதல் தொகுதியின் ஈ-ஃபிளாட் மைனர் பிரிலூடை, அதாவது அந்தச் சுருதியில் அமைந்த முன்னிசையை, போட்டுக் கேளுங்கள். ஹார்ப்சிகார்டில் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் அதிகமாகாது. அழுத்தம் வேண்டுமென்றால் நேரத்தில்தான் காட்டியாக வேண்டும். முந்தைய சுரத்தைச் சற்று முன்னதாகவே விட்டு, அடுத்ததை இம்மியளவு தாமதித்து எடுத்தால், அது ஓங்கி ஒலித்ததாகக் காது நம்பிவிடும். அந்த வித்தையில் லாண்டோவ்ஸ்கா கைதேர்ந்தவர். பல குரல்கள் ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் ஃபியூகுகளிலும் அப்படித்தான்: ஒரு குரலை இழைத்து, இன்னொன்றை நறுக்கி வாசிக்கும்போது எது யாருடைய பேச்சு என்று தெளிவாகக் கேட்கிறது. நீங்கள் முதலாண்டு வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தானே?

வேகம் மந்தம், ஆடம்பரம் அதிகம் என்பீர்கள். சில இடங்களில் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் அவரைக் கருவிப் பித்தர் என்று மட்டும் சொல்லாதீர்கள். 1950களின் நடுவில் மொஸார்ட்டின் சில சொனாட்டாக்களைப் பியானோவில்தான் பதிவு செய்தார்.

வரும் பருவத்தில் ஒரே ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். இந்த பிரிலூடை அவர் வாசிப்பிலும், பின்னர் பழைய பாணிக் கருவிகளில் வாசித்த டச்சுக் கலைஞர் குஸ்டாவ் லியோன்ஹார்ட் வாசிப்பிலும் அடுத்தடுத்துப் போடுங்கள். யார் வாசித்தது என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். மாணவர்கள் முதலில் கேட்கட்டும், கருவியைப் பற்றிய விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஒரு நேயர்