தியாரோயில் ஒரு நாள் இறங்கிப் பார்

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, டக்காரில் நீ வேலைக்குப் போகும் ரயில் தியாரோய் என்ற நிலையத்தில் நின்று புறப்படுவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அந்தப் பெயரைக் கேட்ட பிறகு எனக்கு வேறு பேச்சே ஓடவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லாததால் எழுதுகிறேன்.

1944 நவம்பர் 21 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் செனகலின் டக்கார் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளில் திரட்டிய அந்தக் காலாட்படையின் பெயர்தான் 'செனகல் திராயர்'. ஆட்களோ இன்றைய மாலி, கினி, பெனின், புர்கினா ஃபாசோ என்று பல நாடுகளைச் சேர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில், 1940-இல் பிரான்சுக்காகப் போரிட்டு, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, ஆண்டுக்கணக்கில் சிறைமுகாம்களில் அடைபட்டுக் கிடந்தவர்கள். சிறையில் கழிந்த காலத்துக்கான சம்பள பாக்கியையும், கையிலிருந்த பிரெஞ்சுப் பணத்துக்கு நியாயமான மாற்றையும்தான் அவர்கள் கேட்டார்கள். பாக்கி வராமல் ஊருக்கு ரயில் ஏற மறுத்தார்கள்; பேச வந்த ஜெனரலின் காரை மறித்தார்கள். டிசம்பர் 1 காலையில் கவச வண்டிகளோடு வந்த பிரெஞ்சுப் படை, தியாரோயில் அவர்கள் தங்கியிருந்த முகாமைச் சுற்றி வளைத்துச் சுட்டது. இறந்தவர்கள் 35 பேர் என்று ஒரு ராணுவ அறிக்கையும், 70 பேர் என்று இன்னொன்றும் சொல்கின்றன. முந்நூறுக்கும் மேல் என்று வாதிடும் வரலாற்று ஆய்வாளர்களும் உண்டு. உயிர் பிழைத்தவர்களில் 34 பேரைக் கலகக்காரர்கள் என்று சொல்லித் தண்டித்தார்கள்.

இதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. தொண்ணூறுகளில் இங்கே ஒரு திரைப்படச் சங்கத்தில், உஸ்மான் செம்பேனும் தியர்னோ ஃபாத்தி சோவும் சேர்ந்து இயக்கிய 'தியாரோய் முகாம்' படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 1988-இல் வெளிவந்த படம்; செனகல், அல்ஜீரியா, துனீசியா ஆகிய மூன்று ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு. அதே ஆண்டு வெனிஸ் விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசு பெற்றும், பிரெஞ்சுத் திரையரங்குகளில் அதற்கு நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. செம்பேன் தானே அந்தப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர் என்பதை நீ மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அதில் 'பெயி' என்று ஒரு சிப்பாய் வருகிறான். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு நாடு, ஊர் என்று பொருள். வதைமுகாமில் பேச்சையும் புத்தியையும் பறிகொடுத்தவன். தலையில் ஜெர்மானிய ஹெல்மெட்டைக் கழற்றாமல் திரிகிறான். தியாரோயில் நுழைந்ததும் முள்வேலியைத் தொட்டுப் பார்த்து மிரள்கிறான். தோழன் ஒருவன் தரையிலிருந்து மண்ணை அள்ளி அவன் கையில் வைத்து, இது நம் ஆப்பிரிக்கா என்று புரியவைக்கிறான். இருட்டில் கவச வண்டிகள் வருவதை முதலில் பார்ப்பவனும் அவனே. பைத்தியத்தின் உளறல் என்று மற்றவர்கள் திரும்பப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். காலையில் நடந்ததை இரவுக்கு மாற்றியது வரலாற்றுப் பிழைதான் என்றாலும், அந்த மாற்றத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். தூங்குகிறவர்கள்மேல் குண்டு விழுவதைப் பார்த்தவனுக்கு, பாக்கியைத் தருவதாக ஜெனரல் கொடுத்த வாக்கு எவ்வளவு மலிவானது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்கும் முன்னால், அவர்கள் போட்டிருந்த அமெரிக்கச் சீருடையைப் பறித்துக்கொண்டு அரைக்கால்சட்டையும் சிவப்புக் குல்லாவும் கொடுக்கும் காட்சியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

செம்பேனின் 'எமிதாய்' படத்தையும் தேடிப் பார். 1971-இல் வந்தது, போருக்காக நெல்லைப் பறிக்க வரும் பிரெஞ்சுப் படைக்கு எதிராகத் தென் செனகலின் காசமான்ஸ் பகுதிப் பெண்கள் நெல்லை ஒளித்துவைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கும் கதை.

நீ கேட்கலாம், அப்பாவுக்கு ஏன் இந்த அக்கறை என்று. புதுச்சேரியில் பிறந்தவனுக்கு இது தூரத்துக் கதை இல்லையம்மா. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்த 'சொல்தா' தாத்தாக்கள் வெள்ளைச் சட்டையில் பதக்கம் குத்திக்கொண்டு, பென்ஷன் வாங்க வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே கொடியின் கீழ் நின்ற வேறு சிப்பாய்கள் தங்கள் பாக்கியைக் கேட்டதற்காகச் சுடப்பட்டார்கள் என்பது அந்தப் படம் பார்க்கும்வரை எனக்குத் தெரியாமல் போனதே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

நடந்தது படுகொலைதான் என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன், செனகல் அதிபருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டது 2024 நவம்பரில். எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தியாரோய் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாத வெள்ளைக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் யார் கிடக்கிறார்கள் என்று அறிய 2025-இல் அங்கே அகழாய்வு தொடங்கினார்கள்.

விடுமுறை நாளில் அந்த நிலையத்தில் இறங்கி, உள்ளே விடுவார்களா என்று கேட்டுப் பார். அனுமதி இல்லையென்றால் வெளியிலாவது சற்று நேரம் நின்றுவிட்டு வா. உன் அலுவலகத்தில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் வீட்டில் திராயராகப் போனவர் யாரேனும் உண்டா என்று மரியாதையோடு விசாரித்து, அவர்கள் சொல்வதை எனக்கு அப்படியே எழுது.

உன் அப்பா