மேற்கே போனால் தண்ணீர்

பாளையங்கோட்டை,
ஜூலை 6

அன்புள்ள ரோஸ்லின்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அண்ணனுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இங்கே என் மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. காலையில் பேப்பர் வந்ததும் முதலில் அவர் கைக்குத்தான் போகிறது.

நீந்தச் சொல்கிறார் டாக்டர், நாக்பூர் நீச்சல்குளத்தின் குளோரின் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மார்ச்சில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தால் தாமிரபரணி ஆற்றில் நீந்த முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். நாம் சிறுமிகளாகப் போன இடங்களில் முடியாது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி, ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். தெரிந்ததையெல்லாம் உனக்கு எழுதிவிடுகிறேன்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். வண்ணார்பேட்டையிலும் கொக்கிரகுளத்திலும் நான் தண்ணீரில் இறங்குவதில்லை. மாநகரத்தின் சாக்கடை பல இடங்களில் ஆற்றில் சேர்கிறது. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், 2024இல் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள். சுலோச்சன முதலியார் பாலத்தில் சைக்கிளை நிறுத்திக் கீழே பார்க்கும்போதெல்லாம் எனக்குத் துக்கமாக இருக்கிறது. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு மனிதர் தன் கைக்காசைப் போட்டு 1843இல் முடித்துக் கொடுத்த பாலம் அது. அதன் அடியில் ஓடுகிற தண்ணீரை அந்த இரண்டு ஊரும் சேர்ந்து கெடுத்து வைத்திருக்கிறோம்.

குறுக்குத்துறை இதைவிடப் பரவாயில்லை. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயிலைப் பார்க்க நீ கட்டாயம் போவாய். போ, காலை நனைத்துக்கொள். ஆனால் பழைய நினைவை நம்பிப் பாறையிலிருந்து குதித்துவிடாதே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கோயிலே மூழ்கியது உனக்குத் தெரியும். அந்த வெள்ளம் மணலை அள்ளி வேறெங்கோ கொண்டுபோய்க் கொட்டிவிட்டது. ஆழமாக இருந்த இடம் மேடாகிவிட்டது, முழங்கால் அளவு இருந்த இடத்தில் ஆளையே முழுங்கும் பள்ளம் இருக்கிறது.

அப்படியானால் எங்கே போவது? நான் கண்டுபிடித்த வழி மிக எளியது. நகரம் தன் குடிதண்ணீருக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். முக்கூடலுக்குப் பக்கத்தில் அரியநாயகிபுரம் அணைக்கட்டு வரை மேற்கே போய்க் குழாய் போட்டு மாநகரத்துக்குத் தண்ணீர் கொண்டு வரும் திட்டம் வந்திருக்கிறது. ஊருக்குள் ஓடுகிற ஆற்றை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகிறார்கள் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நானும் சைக்கிளை அதே திசையில் திருப்பினேன். கிழக்கே சீவலப்பேரி, முறப்பநாடு எல்லாம் எவ்வளவு அழகு! ஆனால் நகரத்தைத் தாண்டி வரும் தண்ணீர் என்பதால் அங்கே கரையில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

மேற்கே போகும்போது இன்னொரு துணையும் கிடைத்தது, நவகைலாயம் என்னும் ஒன்பது சிவன் கோயில்கள். உனக்குச் சாமி வேறு, ஆனாலும் இந்தக் கோயில்கள் உனக்கும் உதவும். ஒன்பதும் தாமிரபரணிக் கரையை ஒட்டியே இருக்கின்றன, கோயில் இருந்தால் பக்கத்தில் ஆற்றுக்கு இறங்க ஒரு துறை இருக்கும், துறை இருந்தால் அதற்குச் சைக்கிள் போகிற பாதையும் இருக்கும். குன்னத்தூர், கோடகநல்லூர், சேரன்மகாதேவி என்று கோயிலைப் பிடித்துக்கொண்டு போனாலே பாதி வேலை முடிந்தது.

உன் முழங்காலுக்கு முதலில் குன்னத்தூர் போதும். திருவேங்கடநாதபுரத்தை ஒட்டிய ஊர், டவுனிலிருந்து நிதானமாக மிதித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நீந்துவதற்கு நீளம் கிடைக்காது. உடம்பைத் தண்ணீருக்குப் பழக்கிக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது சேரன்மகாதேவி. சுமார் 20 கிலோமீட்டர். மேலப்பாளையம் வழியாக முன்னீர்ப்பள்ளம், கோபாலசமுத்திரம், பத்தமடை என்று போகும் தென்கரைச் சாலை. பத்தமடையில் பாய் பின்னும் வீடுகளைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல்தான். ஆறு மணிக்கு அந்தச் சாலையில் கொக்கும் நானும் பால்காரரும் மட்டும் இருப்போம். ஆறு அங்கே அகலமாக விரிந்து, மேற்கே பொதிகை மலை தெரிய, தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கிறது. மல்லாந்து மிதந்தபடி மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் ரோஸ்லின். எவ்வளவு கவலையோடு போனாலும் திரும்பி வரும்போது எனக்கு அது நினைவுக்கு வருவதில்லை.

உடம்பு தேறிய பிறகு உன்னைத் திருப்புடைமருதூருக்கு அழைத்துப் போகிறேன். 30 கிலோமீட்டருக்கு மேல் வரும். அங்கே கடனா நதி வந்து சேர்கிறது. நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றிய மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைப் பிள்ளைகள் மாதிரிப் பார்த்துக்கொள்கிறார்கள். 2005இல் நாட்டிலேயே முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் அதுதான். கூடு இருக்கும் மாதங்களில் மரங்களிலிருந்து தள்ளி, சத்தம் போடாமல் நீந்திவிட்டு வர வேண்டும். ஆற்றில் நீர்நாய்களும் உண்டு. ஒரு முறை தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்துவிட்டு முங்கிப் போயிற்று. அன்று முழுவதும் வீட்டில் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி முக்கியமான விஷயம், அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டும் நாம் சமூக அறிவியல் பாடத்தில் ஒப்பித்தவைதான். நீந்துகிறவளுக்கு அவற்றின் அர்த்தமே வேறு. கட்டுக்கு மேற்புறம் தண்ணீர் தேங்கி நெடுந்தூரம் சலனமில்லாமல் நிற்கும், நீளமாக நீந்த அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரியும் தலைமதகுப் பக்கம் போகவே கூடாது. மேலே அசையாதது போலத் தெரியும், அடியில் இழுத்துக்கொண்டிருக்கும். கட்டுக்குக் கீழ்ப்புறம் இன்னும் மோசம். மேலிருந்து விழுகிற தண்ணீர் அடியில் சுருண்டு மறுபடியும் சுவரை நோக்கியே திரும்புகிறது. அதில் மாட்டிக்கொண்ட ஆளைச் சுவரோடு சேர்த்து உருட்டிக்கொண்டே இருக்கும், வெளியே விடாது. இடுப்பளவுதானே என்று இறங்கியவர்கள் இறப்பது இதனால்தான். நான் கட்டிலிருந்தும் மதகிலிருந்தும் கண்ணுக்கு எட்டும் தூரம் மேற்கே தள்ளித்தான் இறங்குகிறேன். வாய்க்கால்களிலும் நீந்துவதில்லை, சிமெண்ட் பூசிய சரிவில் பாசி பிடித்திருந்தால் கரையேற முடியாது.

மற்றொன்று மணல் அள்ளிய குழி. ஆறே தோண்டிய கசத்தைச் சுற்றுவட்டார மக்களுக்குத் தெரியும், பெயர்கூட வைத்திருப்பார்கள். இயந்திரம் தோண்டிய குழி யாருக்கும் தெரியாது. அதன் ஓரம் செங்குத்தாக இறங்கும், மிதித்தால் சரியும். நல்லகண்ணு ஐயா தாமே நீதிமன்றத்தில் வாதாடி 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வாங்கினார். அப்படியும் திருட்டு நிற்கவில்லை. 2023 ஏப்ரலில் முறப்பநாட்டுப் பக்கம் மணல் கொள்ளையைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலரை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். நாக்பூரில் அந்தச் செய்தி வந்ததா என்று தெரியவில்லை. தண்ணீருக்குள் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் நினைவு வருகிறது.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது என்று பயப்படாதே. துறைக்குப் போனதும் துணி துவைக்கும் பெண்களிடம் கேள். அவர்கள் தினமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். எதுவரை தரை தட்டும், எங்கே சுழல் இருக்கிறது, போன வருடம் யாரை ஆறு கொண்டுபோயிற்று என்று விவரமாகச் சொல்வார்கள். இளவட்டங்களைக் கேட்டால் எல்லா இடத்தையும் நல்ல இடம் என்பார்கள். இன்னொரு லாபமும் உண்டு. நம் வயதுப் பெண் ஆற்றின் நடுவே நீந்தினால் முதல் நாள் வேடிக்கை பார்க்கிறார்கள், மறு தடவை போகும்போது பெண்கள் துறையில் துணி மாற்ற மறைவு காட்டுகிறார்கள், அதற்கடுத்து நம் சைக்கிளையும் பையையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். கோடகநல்லூரில் ஓர் அம்மா நான் கரையேறும் வரை வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். சேலை வேண்டாம், தண்ணீரில் காலைச் சுற்றும். துப்பட்டா இல்லாத சுடிதார் போதும். இடுப்பில் கயிறு கட்டி இழுத்துச் செல்லும் ஆரஞ்சு நிற மிதவை ஒன்று வாங்கி வா. களைத்தால் பிடித்துக்கொள்ளலாம், கரையிலிருப்பவர்களுக்கும் நீ இருக்கும் இடம் தெரியும். தனியாக மட்டும் ஒருபோதும் இறங்காதே.

எந்த மாதம் வருவது என்றும் கேட்டிருந்தாய். இந்த ஆற்றுக்கு இரண்டு மழையும் உண்டு, அதனால் வறண்டு கிடப்பது அபூர்வம். ஆனால் நீந்த மிகவும் நல்லது தையும் மாசியும். மழை ஓய்ந்து, பிசானப் பயிருக்கு அணையிலிருந்து விடும் தண்ணீர் ஒரே சீராக, தெளிவாக வரும். நீ மார்ச்சில் வருவதால் மாசிக் கடைசியாவது கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுப் பக்கமே போகாதே. ஆனி, ஆடியில் கார் சாகுபடித் தண்ணீர் ஓடும், நீந்தலாம், ஆனால் காற்று! செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று போகும்போது முகத்தில் அறைகிறது. சேரன்மகாதேவி போய்ச் சேர்வதற்குள் தொடை கழன்றுவிடும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். நீந்திக் களைத்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஒன்றை மறந்துவிடாதே. ஊரில் வெயில் காய்ந்தாலும் மலையில் மழை பெய்தால், அல்லது பாபநாசம் அணையில் கூடுதலாகத் திறந்தால், இங்கே தண்ணீர் ஏறும். பாபநாசத்தில் அணை உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118, சேர்வலாறு 156. பேப்பரில் தினமும் வரும் நீர்மட்டத்தை என் மாமியார் எனக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கிளம்புகிறேன். தண்ணீர் நிறம் மாறிக் கலங்கி வந்தால் உடனே கரையேறு. புது வெள்ளம் கரையிலுள்ள அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு வரும், அது வடிந்து தெளியும் வரை நான் இறங்குவதில்லை. எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது, காலில் சிராய்ப்பு இருந்தால் அன்று சைக்கிளோடு நிறுத்திக்கொள்.

பாபநாசத்தைப் பற்றி நீ ஆசையாக எழுதியிருந்தாய். அங்கே நீந்த வேண்டாம். பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் குறையவில்லை. தன்னார்வலர்கள் அவற்றை வெளியே இழுத்துப் போடுகிறார்கள், மறுபடியும் சேர்கிறது. காலில் துணி சிக்கினால் நல்ல நீச்சல்காரரும் தவித்துப்போவார்.

நம் அம்மாக்கள் இடுப்பில் குடத்தோடு நடந்தே போய்க் குளித்து, குடிக்கவும் மொண்டு வந்த ஆறு இது. நாம் பள்ளிக்கூடம் விட்டு ஓடிப்போய் வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு நீந்தக் கற்ற ஆறு. அதே தண்ணீருக்காக இன்று நான் 20 கிலோமீட்டர் மிதிக்கிறேன். என் பேத்தி வளரும்போது அது 40 ஆகிவிடக் கூடாது. அதனால்தான் மாநகரத்தின் சாக்கடையைத் தடுக்கச் சொல்லி மனு எழுதுகிறவர்களோடு நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன், கூட்டம் நடந்தால் போகிறேன். ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் போய் நின்றேன், 2011 முதல் நடக்கிறதாம். நீ வந்ததும் உன்னையும் இழுப்பேன். ரயில்வே கோப்புகளைப் பார்த்துப் பழகிய உனக்கு மனு எழுத என்னைவிட நன்றாக வரும்.

என் பழைய லேடீஸ் சைக்கிளை உனக்காகப் பழுது பார்க்கக் கொடுக்கப்போகிறேன். டயர் இரண்டும் மாற்ற வேண்டும், பிரேக் கட்டையும் தேய்ந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்த காலை எவ்வளவு மடக்க முடிகிறது என்று டாக்டரிடம் கேட்டு எழுது, அதற்கு ஏற்றபடி சீட்டை உயர்த்தி வைக்கச் சொல்கிறேன். டிக்கெட் எடுத்ததும் தேதியையும் எழுது. அண்ணனிடம் என் விசாரிப்பைச் சொல், அவருடைய சர்க்கரை அளவையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
வடிவு