வாசகர் வட்ட ஆண்டறிக்கை: வாஷிங்டன் தேடிய நீதிபதிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதையே தொடர்ந்து படிப்பது நம் வட்டத்தின் வழக்கம். சென்ற பொதுக்குழுவில், நீதிபதிகளை மூத்த நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் நம் நாட்டுக் கொலீஜியம் முறை சரியா தவறா என்று ஆரம்பித்த வாக்குவாதம், நூலகக் காவலாளி வந்து விளக்கை அணைக்கும் வரை ஓயவில்லை. "நம்ம ஊர்ச் சண்டை இருக்கட்டும், எங்கேயாவது முதன்முதலாக நீதிபதிகளை நியமித்தபோது என்ன நடந்தது என்று பார்ப்போமே" என்று தலைவர் சொன்னார். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் நம் மேசைக்கு வந்தது இப்படித்தான்.

கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் சனிக்கிழமைகளில் நூலக மாடியில் நடந்தன. நவம்பர் கூட்டத்தை மழை கொண்டுபோய்விட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் படித்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்க நீதித்துறைச் சட்டத்தில் வாஷிங்டன் கையெழுத்திட்டது 1789 செப்டம்பர் 24 அன்று. உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தலைமை நீதிபதி, ஐந்து இணை நீதிபதிகள் என்று அந்தச் சட்டம் வகுத்தது. அன்றைக்கே ஆறு பெயர்களும் ஒப்புதலுக்காக நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்குப் போய்விட்டன. தலைமைக்கு நியூயார்க்கின் ஜான் ஜே; மற்ற இடங்களுக்கு தென் கரோலினாவின் ஜான் ரட்லெட்ஜ், மாசசூசெட்ஸின் வில்லியம் குஷிங், மேரிலாந்தின் ராபர்ட் ஹாரிசன், பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன், வர்ஜீனியாவின் ஜான் பிளேர். வடக்கே மூவர், தெற்கே மூவர். இரண்டே நாளில் செனட்டின் ஒப்புதலும் வந்தது. நம் வக்கீல் உறுப்பினர்கள் விட்ட பெருமூச்சைக் குறிப்பேட்டில் பதிவு செய்யவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த நீதிமன்ற அலுவலகத் தலைமை எழுத்தராக (சிரஸ்தார்) இருந்து ஓய்வு பெற்ற நம் ஐயா ஒரு கேள்வி கேட்டார்: "ஆர்டர் போனது சரி, ஜாயின் பண்ணாதவர் எத்தனை பேர்?" ஆண்டு முழுவதும் எங்களை ஓட்டியது இந்த ஒரு கேள்விதான்.

ஹாரிசன் பதவி ஏற்கவே இல்லை. விடுதலைப் போர்க்காலத்தில் வாஷிங்டனுக்குச் செயலாளராக இருந்தவர். வாஷிங்டன் வற்புறுத்தியதால் நியூயார்க்குக்குக் கிளம்பினார், வழியில் உடல்நலம் கெட்டுத் திரும்பினார், 1790 ஏப்ரலில் இறந்தார். அந்த இடத்துக்கு வட கரோலினாவின் ஜேம்ஸ் ஐரிடெல் வந்தார். வயது 38. அந்த மாநிலம் அப்போதுதான் அரசியல் சட்டத்தை ஏற்று ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது, அதன் ஆள் ஒருவருக்கும் இடம் வேண்டும் என்பதும் வாஷிங்டனின் கணக்கு. மாவட்ட நீதிபதிகள் விஷயமும் இதே கதைதான். வர்ஜீனியாவுக்கு எட்மண்ட் பெண்டில்டன், மேரிலாந்துக்கு தாமஸ் ஜான்சன், தென் கரோலினாவுக்கு தாமஸ் பிங்க்னி என்று தேர்ந்தெடுத்தார். மூவருமே மறுத்துவிட்டார்கள்.

1790 பிப்ரவரி 1 அன்று நியூயார்க்கில் நீதிமன்றம் முதன்முதலாகக் கூடியது. போதிய நீதிபதிகள் வந்து சேராததால் அன்று ஒன்றும் நடக்கவில்லை, மறுநாள்தான் அமர்ந்தார்கள். விசாரிக்க வழக்கு எதுவும் இல்லை. பொதுக்குழு கூட்டிவிட்டுக் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு ஆள் சேரக் காத்திருக்கும் செயலாளர் என்ற முறையில், ஜே மேல் எனக்குத் தனிப் பரிவு உண்டு.

வேலை தலைநகரில் இல்லை, சாலையில் இருந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளே ஆண்டுக்கு இருமுறை ஊர் ஊராகப் போய்ச் சுற்று நீதிமன்றங்களில் உட்கார வேண்டும். தெற்குச் சுற்று கிடைத்தவர் பாடு மிக மோசம். மண்சாலை, ஆற்றைக் கடக்கப் படகு, சத்திரத்தில் படுக்கை. தலைமை நீதிபதிக்கு ஆண்டுக்கு 4,000 டாலர், மற்றவர்களுக்கு 3,500. வழிச்செலவும் அதற்குள்தான். 1792இல் நீதிபதிகள் சேர்ந்து முறையிட்டார்கள். மறு ஆண்டு, சுற்றுக்கு இருவருக்குப் பதில் ஒருவர் போனால் போதும் என்ற அளவுக்கு நாடாளுமன்றம் இறங்கி வந்தது. அதற்குள் ரட்லெட்ஜ் 1791இல் விலகித் தன் மாநில நீதிமன்றத் தலைமைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர், முன்பு மாவட்டப் பதவியை மறுத்த அதே தாமஸ் ஜான்சன். அவரும் 1793 தொடக்கத்தில் பயணம் தாங்காமல் விலகினார்.

ஜான்சனின் இடத்தை நிரப்பிய கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1793 பிப்ரவரி 27 அன்று நியூ ஜெர்சியின் வில்லியம் பேட்டர்சன் பெயரை வாஷிங்டன் அனுப்பினார். மறுநாளே திரும்பப் பெற்றார். செனட்டராக இருப்பவர், தம் பதவிக்காலத்தில் உருவாக்கப்பட்ட பதவியில் அந்தக் காலம் முடியும் முன் அமரக் கூடாது என்கிறது அரசியல் சட்டம். பேட்டர்சன் 1789 சட்டத்தை எழுதுவதிலேயே பங்கெடுத்த செனட்டர். ஆளுநராகப் போவதற்காக 1790லேயே விலகியிருந்தாலும், அவர் தேர்வான காலம் மார்ச் தொடக்கம் வரை இருந்தது. மார்ச் 4 அன்று பெயரை மறுபடி அனுப்பினார், அன்றே ஒப்புதல். அன்றுதான் வாஷிங்டனின் இரண்டாவது பதவியேற்பும், உறுதிமொழி செய்துவைத்தவர் குஷிங். யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கக்கூடிய சில நாள் இடைவெளிதான். ஆனாலும் தவறு என்று தெரிந்ததும் கடிதத்தைத் திரும்பப் பெற்ற அந்த ஒரு காரியம், என் பார்வையில், மற்ற நியமனங்களைவிடப் பெரியது.

நம் ஜூலைக் கூட்டத்தில்தான் சண்டை. ஜே 1794இல் பதவியில் இருந்துகொண்டே பிரிட்டனுக்குத் தூது போனார், ஒப்பந்தத்தோடு திரும்பி, 1795இல் நியூயார்க் ஆளுநராகிவிட்டார். தலைமைப் பதவி எனக்குக் கிடைக்குமா என்று ரட்லெட்ஜ் தாமே எழுதிக் கேட்டார். செனட் கூடாத நேரத்தில் வாஷிங்டன் அவரை நியமித்தார். அவரோ சார்லஸ்டனில் அந்த ஒப்பந்தத்தை வெளுத்து வாங்கி மேடைப் பேச்சு பேசினார். அவர் மனநிலை பற்றியும் வதந்தி பரவியது. டிசம்பரில் செனட் 14க்கு 10 என்று நிராகரித்தது. உச்ச நீதிமன்றத்துக்கு ஒருவரை செனட் நிராகரித்தது அதுவே முதல் முறை. அரசியல் கருத்துக்காக ஒருவரைத் தள்ளலாமா என்று நம் உறுப்பினர்கள் இரண்டு அணியாகி, டீ ஆறும் வரை மோதினார்கள். என்னைக் கேட்டால், தலைமை நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அந்த மேடை தேவையில்லை.

அப்புறம் குஷிங்கைத் தலைமைக்கு உயர்த்தி, செனட்டும் ஏற்று, அவர் உடல்நலத்தைச் சொல்லி மறுத்து, கடைசியில் கனெக்டிகட்டின் ஆலிவர் எல்ஸ்வொர்த் 1796 மார்ச்சில் வந்தார். பிளேர் விலகிய இடத்துக்கு சாமுவேல் சேஸ். ஆக, எட்டாண்டில் ஆறு நாற்காலிகளில் பத்து பேர் அமர்ந்தார்கள். இவர்களில் ஜேம்ஸ் வில்சன் கதை மனதை உறுத்துவது: நிலத்தில் பணம் போட்டுக் கடனாளியாகி, நீதிபதியாக இருக்கும்போதே கடன்காரர் சிறையைப் பார்த்து, 1798இல் வட கரோலினாவில் இறந்தார்.

1800இல், வாஷிங்டனுக்கு அடுத்த ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் மறுபடி ஜேயைத் தலைமைக்கு நியமித்தார், செனட்டும் ஏற்றது. வலுவும் கண்ணியமும் இல்லாத அமைப்பு என்று ஜே மறுத்துவிட்டார். அந்த மறுப்பால் உள்ளே வந்தவர் ஜான் மார்ஷல். வரும் ஆண்டுக்கு அவரையே எடுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது; ஆடம்ஸ் பதவியின் கடைசி நாட்களில் அவசரமாகப் போட்ட நியமனங்களும், அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லலாம் என நிறுவிய 1803இன் மார்பரி வழக்கும் அதில் வரும்.

இணைச் செயலாளர் பதவி இந்த ஆண்டும் காலியாகவே இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரவும். வழிச்செலவு கிடையாது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்