நட்கிராக்கர் நியூயார்க் தெருவுக்கு வந்தால் என்ன குறை?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கிறிஸ்துமஸ் கால பாலே பற்றி எழுதியவர், ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலே நாட்டிய நாடகத்தை ஹிப் ஹாப் தெரு நடனமாக மாற்றிய 'ஹிப் ஹாப் நட்கிராக்கர்' மூலத்தைக் கெடுத்துவிட்டது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாரே, படித்ததும் மனசு கேட்கவில்லை.

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், நெவார்க்கில் மகளோடு அதைப் பார்த்தேன். ஜெனிஃபர் வெபர் நடனம் அமைத்த அந்த நிகழ்ச்சியில் சைகோவ்ஸ்கியின் இசையை யாரும் தூக்கி எறியவில்லை, அதே மெட்டுகளுக்குக் கீழே டிஜே தாளம் போடுகிறார், பக்கத்தில் ஒருவர் மின்வயலின் வாசிக்கிறார், நடுவில் ஒரு பையன் தலையைத் தரையில் ஊன்றிப் பம்பரமாகச் சுற்றுகிறான்! என் மகள் இருக்கை நுனிக்கே வந்துவிட்டாள். மூலக் கதை தொடங்கும் ஜெர்மன் வீட்டு வரவேற்பறை இங்கே இன்றைய நியூயார்க் தெருவாகிறது. மூலத்தில் கதாநாயகி போய்ச் சேரும் மிட்டாய் நாடு இங்கே 1980களின் புரூக்ளின் நடன விடுதி, கதாநாயகி மரியா கிளாராவின் அப்பாவும் அம்மாவும் முதன்முதலில் சந்தித்த இடம். அந்தக் காட்சியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அம்மா அப்பாவின் இளமையைப் பார்க்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது?

சரி, மூலம் என்று எதைச் சொல்கிறார்? 1816-ல் ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மன் எழுதிய கதையே மாறித்தான் 1892-ல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் மேடைக்கு பாலேயாக வந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் 1960-லேயே இந்த இசையை ஜாஸ் ஆக்கிவிட்டார்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அடுத்த டிசம்பரில் இந்த நடனக்காரர்களைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை ஒன்று போடுங்கள்.

– ஒரு வாசகி, நியூஜெர்சி