நீண்ட சொல்லை வாலிலிருந்து எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர் பகுதியில் வரும் ஆங்கில உச்சரிப்புத் தொடரை விடாமல் படிக்கிறேன். நீளமான பெயர்ச்சொற்களை அசை பிரித்துத் தமிழில் தருகிறீர்கள், நல்ல வேலை. ஆனால் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்று ஓரிடத்திலும் குறிப்பதில்லை. 'ரெஸ்-பான்-ஸி-பி-லி-டி' என்று ஆறையும் ஒரே மாதிரி அச்சிட்டால் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் ஒப்பிப்பார்கள். எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கும், கேட்பவருக்குத்தான் சட்டென்று பிடிபடாது.

பள்ளியில் ஆங்கிலம் நடத்திய காலத்தில் நான் சொன்னது ஒன்றுதான்: நீண்ட சொல்லை வாலிலிருந்து எண்ணுங்கள். அழுத்தம் எங்கே என்று பெரும்பாலும் விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை. எக்ஸாமினேஷனில் 'நே', இன்ஃபர்மேஷனில் 'மே'. 'இட்டி' விகுதிக்கும் முந்தைய அசைதான்: ரெஸ்பான்ஸிபிலிட்டியில் 'பி', எலக்ட்ரிசிட்டியில் 'ட்ரி'. டெமாக்ரஸி, டெக்னாலஜி, ஜியாக்ரஃபி எல்லாம் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுந்தும்.

விகுதி மாறினால் அழுத்தமும் நகரும் என்பதைத்தான் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். ஃபோட்டோகிராஃபில் முதல் அசை, ஃபோட்டோகிராஃபியில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவது. அழுத்தம் விட்டுப்போன இடத்தில் உயிரொலி தேய்ந்துவிடும். ஃபோட்டோகிராஃபியின் முதல் 'ஃபோ' அரைகுறையாக 'ஃப' என்றுதான் கேட்கும். நமக்கு இது புதிதல்ல. 'பந்து', 'காசு' என்னும்போது கடைசி உகரத்தை முழுதாகவா சொல்கிறோம்? குற்றியலுகரம் படித்த பிள்ளைக்கு இதை இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

'மெண்ட்', 'நெஸ்', 'ஷிப்' சாதுவான விகுதிகள். எதையும் நகர்த்தாது. டெவலப் என்பதில் 'வெ' அழுந்துகிறது, டெவலப்மெண்ட்டிலும் அதே 'வெ'. அறிவிப்பாளர்கள் பலர் 'டெ'யைப் போட்டு இடிப்பது ஏனோ!

அப்புறம், அசை பிரிப்பு. சில சொற்களை அமெரிக்க அகராதியின் புள்ளிகளைப் பார்த்துப் பிரித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்தப் புள்ளிகள் வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்பவை. அபேண்டன்மெண்ட்டுக்கு நான்கு அசை, மெரியம் வெப்ஸ்டரில் மூன்று துண்டுதான் இருக்கும். ஒற்றை எழுத்தை வரிக்கடைசியில் தொங்கவிடக் கூடாது என்பதால் முதல் 'அ' தனியாக நிற்பதில்லை.

28 எழுத்துள்ள 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிஸம்' போன்ற வேடிக்கைச் சொற்களுக்கு இடம் ஒதுக்க வேண்டாம். 'எஸ்டாப்ளிஷ்' என்ற வினையில் முன்னும் பின்னும் ஒட்டி ஒட்டி வளர்ந்தது என்று காட்ட ஒருமுறை போதும்.

இனி வரும் வாரங்களில் அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் போடுங்கள். 'இக்' விகுதிக்கும் முந்தைய அசை அழுந்துவதுதான் வழக்கம்; பாலிடிக்ஸ், அரித்மெடிக் போல அதற்கு அடங்காதவற்றைத் தனிப் பெட்டியில் கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்